காப்பு அவிழும்வரை

யூலை மாதம் 22ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் 5.40. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. காலையில் தொடங்கிய கச்சான் காற்று அப்போதும் ஓயவில்லை. கோயில் வீதியில் வெட்டியிருந்த தீக்குழியின் சாம்பலை அது ஒரு பக்கமாக ஊதித் தள்ளி, தணலைச் சிவப்பாகவே வைத்திருந்தது. எனக்கு முன்னால் நாற்பத்திரண்டு பேர் இறங்கி ஏறியிருந்தார்கள். நான் நாற்பத்து மூன்றாவது ஆள்.

எனக்கு எழுபத்தொரு வயது. திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் எழுதுவினைஞராக, ஊர்ப்பேச்சில் கிளாக்கராக, இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம், என்னைப்போல் நீரிழிவு உள்ளவர்களும் என்னைப்போல் நேர்த்தி வைத்தவர்களும் எங்கள் பக்கத்தில் நிறையப்பேர் இருப்பதுதான். யாருக்காவது பயன்பட்டால் போதும்.

நேர்த்தி என் மகள் சுகந்திக்காக வைத்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் டெங்குக் காய்ச்சல் வந்து, இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுகள் பதினோராயிரத்துக்கு இறங்கிவிட்டன. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியவை. வைத்தியர்கள் கையை விரித்த அன்று, அவள் பிழைத்தால் கால் தாங்கும்வரை தீ மிதிக்கிறேன் என்று எங்கள் கோயில் அம்மாளிடம் சொன்னேன். மறுநாள் அது பதினெண்ணாயிரமாக ஏறியது. இருபத்து மூன்று வருடத்தில் பத்தொன்பது தடவை மிதித்திருக்கிறேன். தவறியது நான்கு: கொரோனாவுக்கு இரண்டு, ஊரடங்குக்கு ஒன்று, அம்மா இறந்த துடக்குக்கு, அதாவது தீட்டுக்கு, ஒன்று.

குழி பதினெட்டடி நீளம். வழக்கமாக ஏழு காலடி வைப்பேன். இந்த முறை பதினொரு காலடி வைத்தேன். கால் எங்கே படுகிறது என்று தெரியாததால் குனிந்து பார்த்துப் பார்த்து வைக்கவேண்டியிருந்தது. சுடவில்லை. கொஞ்சமும் சுடவில்லை. கரையேறியதும் கைகூப்பி அழுதேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம், "பூவில நடந்த மாதிரி" என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கண்டேன். வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே தோல் உரிந்து, ஈரக் கடதாசிபோல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கையால் தொட்டேன். கைக்குத்தான் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

அப்போதே மருத்துவமனைக்குப் போயிருக்கவேண்டும். போகாததற்குக் காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் கோயிலில் தீ சுட்டால் அது விரதத்தில் பிழை. மிதித்தவரின் பிழை, அல்லது அவர் வீட்டாரின் பிழை. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு சல்லி ஊரைச் சேர்ந்த முப்பது வயது மீனவர் ஒருவருக்குக் குழியில் கால் சுட்டுவிட்டது. அவர் மணலில் குந்தி, காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். அந்த மனிதரைப் பார்த்து, அத்தனை பேர் கேட்க, "விரதத்தை ஒழுங்காப் பிடிச்சிருந்தா ஏன் சுடுது?" என்று கேட்டவன் நான்தான். அதன் பிறகு அவர் தீ மிதிக்க வரவில்லை.

ஆகவே காலில் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசினேன். மேலே திருநீறு போட்டேன். பிறகு ஒரு மேசு, துணிக் காலுறை, போட்டுக்கொண்டேன். மனைவி பூமணி, "இந்த வெக்கைக்கு என்னப்பா மேசு?" என்று கேட்டாள். கால் குளிருது என்றேன். அது பொய்யும் இல்லை.

கையில் காப்பு இருந்தது. காப்பு என்பது மஞ்சளில் தோய்த்து வலது மணிக்கட்டில் கட்டும் நூல். விரதம் தொடங்கும் நாளில் பூசாரியார் கட்டுவார். தீ மிதித்துப் பதினைந்தாம் நாள் குளிர்த்தி, அதாவது அம்மாளைக் குளிரப்பண்ணும் சடங்கு. அன்றுதான் அவர் அதை அவிழ்ப்பார். அதுவரைக்கும் நூல் கையை விட்டுப் போகக்கூடாது. அந்தக் கணக்கில் ஓகஸ்ட் 5ஆம் திகதிவரை இருக்கவேண்டும்.

இன்னொரு பிழையும் சொல்லவேண்டும். விரத நாட்களில் ஒரு நேரம்தான் சாப்பாடு. ஆகவே நீரிழிவு மாத்திரையையும் ஒரு நேரமாகக் குறைத்துவிட்டேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு வேளை மாத்திரை. கணக்குச் சரி என்று நினைத்தேன். மற்ற நேரங்களில் குடித்த பழச்சாற்றையும் இளநீரையும் நான் சாப்பாட்டில் சேர்க்கவில்லை. வைத்தியரிடம் கேட்கவும் இல்லை.

ஏழு நாள் கழித்து, 29ஆம் திகதி காலை, காலுறையைக் கழற்றியபோது அழுகல் மணம் வந்தது. பூமணி குசினியில் அடுப்பை விட்டு வந்துவிட்டாள். காலைப் பார்த்தாள். கதிரையில் இருந்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து மகளுக்கு அடித்தாள். சுகந்தி ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடத்தில் ஓட்டோவுடன் வந்து நின்றாள்.

"எத்தினை நாள்?" என்றாள்.

"ஏழு."

"ஏழு நாளும் எண்ணினனீங்கள், என்ன?"

10.05க்கு வெளிநோயாளர் பிரிவில் இருந்தேன். எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர். 12.20க்கு வாட்டில் சேர்த்தார்கள். பதினான்காம் கட்டில். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சீனி 386. காய்ச்சல் நூற்றொன்று. கைநரம்பில் ஊசி ஏற்றி மருந்துப் போத்தலைத் தொங்கவிட்டார்கள். காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். கிருமி எலும்புக்குள் போய்விட்டதா என்று பார்ப்பதற்காம்.

மறுநாள் காலை ஓர் இளம் பெண் வைத்தியர் வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. ஒரு சின்னப் பிடியில் செருகிய நைலோன் நூலை எடுத்து, என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"ஐயா, நான் தொடக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்க."

நான் காத்திருந்தேன். கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குதிக்காலில் ஏதோ பட்டதுபோல் இருந்தது. ஓம் என்றேன். இன்னும் ஒருமுறை ஓம் என்றேன். கண்ணைத் திறந்தேன்.

"எத்தினை இடத்தில தொட்டனீங்கள்?"

"பத்து."

பத்தில் இரண்டு. அவர் விளக்கினார். சீனி பல வருடம் கூடியே இருந்தால் காலுக்குப் போகும் நுண்ணிய நரம்புகள் செத்துவிடும். முதலில் விறைப்பு, பிறகு ஒன்றுமே தெரியாது. ஆணி குத்தினாலும் தெரியாது, நெருப்புச் சுட்டாலும் தெரியாது. இரத்தக் குழாய்களும் ஒடுங்குவதால் புண் ஆறவும் மாட்டாது.

"எவ்வளவு காலமா விறைப்பு?"

"ஒரு ஆறு வரியம்."

ஆறு வருடத்தில் நான் தீ மிதித்தது நான்கு தடவை. அந்த நான்கு தடவையும் சுடவில்லை என்று கோயிலில் சொல்லியிருக்கிறேன். அதற்கு முந்திய பதினைந்து தடவையில் சுட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். சுட்டது. நண்பகல் மணலில் ஓடுவதுபோல் சுட்டது. அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு சுடாமல் விட்டபோதுதான் அம்மாள் என்னை முழுதாக ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். இதை நினைக்கும்போது எனக்கு அழுகையோ கோபமோ வரவில்லை. மூட்டைத் தொகை பிழைத்துப்போன பதிவேட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டன, தசை அழுகுகிறது என்றார். இளம் வைத்தியர் அவருடைய சிங்களத்தைத் தமிழில் சொன்னார்: "ரெண்டு விரலையும் நாளைக்குக் காலம எட்டரைக்கு எடுக்கணும். எடுத்தா மிச்சத்தக் காப்பாத்தலாம்."

ஓம் என்றேன். கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார்கள். பேனையைப் பிடித்த கையைத் தாதி பார்த்தார்.

"ஐயா, ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள நூல், சங்கிலி ஒண்டும் கொண்டுபோக ஏலாது. கையில கிடக்கிற நூலை இப்பவே வெட்டி விடுறன்."

கையை இழுத்துக்கொண்டேன்.

"வெட்டக்கூடாது மிஸி. பூசாரியார்தான் அவிழ்க்கவேணும். செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வாய்?"

"வாற செவ்வாய். அஞ்சாம் திகதி."

இளம் வைத்தியர் என் கட்டில் ஓரத்தில் இருந்தார். சத்தம் போடவில்லை. "ஐயா, ஆறு நாள் இருக்கு. இந்தக் கால் ஆறு நாள் தாங்காது. இண்டைக்கு ரெண்டு விரல். பிறகு நான் எண்ணிச் சொல்லமாட்டன்," என்றார்.

எனக்கு அது விளங்கியது. விளங்கவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆனால் தீ ஏற்கெனவே சுட்டுவிட்டது. அதற்கு மேல் காப்பையும் பாதியில் அறுத்தால் அந்தப் பிழை யார் தலையில் விழும்? நேர்த்தியால் பிழைத்தவள் சுகந்தி. எனக்குக் கால்தான் போகும், அவளுக்கு என்ன போகும் என்று கணக்குப் பார்த்தேன். படித்தவன் இப்படி யோசிப்பானா என்று கேட்கலாம். படிப்பு ஒரு பக்கம் இருந்தது. பதினோராயிரம் ஒரே நாளில் பதினெண்ணாயிரம் ஆனதும் ஒரு பக்கம் இருந்தது.

நான் கையெழுத்து வைக்கவில்லை.

சுகந்தி வேலை முடிந்து வந்து கேள்விப்பட்டாள். "அப்பா, உங்களுக்கு விசரா? எனக்கு வைச்ச நேர்த்திதானே. நான் சொல்றன், இவ்வளவும் காணும். வெட்டச் சொல்லுங்கோ."

"உனக்கு வைச்சதுதான். உன்னட்ட வைக்கேல்லை."

"அப்ப பூசாரியாருக்குக் கோல் எடுக்கிறன்."

"எடுக்கக்கூடாது. எடுத்தா நான் உன்னோட கதைக்கமாட்டன்."

எடுத்தால் கால் சுட்ட கதை கோயிலுக்குப் போய்விடும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் போன பிறகு பூமணி கட்டிலடியில் நின்றாள். சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நான்தானப்பா பிழை விட்டனான். மூலை வீட்டுச் செத்தவீட்டுக்குப் போகவேண்டாமெண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான் பின்பக்கத்தால போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டு வந்தனான். தலையிலதான் முழுகினனான். எண்டாலும் துடக்குத் துடக்குத்தானே."

அன்று காலைதான் வைத்தியர் எனக்கு நூலால் தொட்டுக் காட்டியிருந்தார். இது துடக்கு இல்லை, நரம்பு என்று அந்த நேரமே சொல்லியிருக்கலாம். சொன்னால் கடைசி நான்கு வருடத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். "சரி, விடு," என்றேன். அவள் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு அழுதாள். நான் சுவரைப் பார்த்தேன். அதில் பதினான்கு என்று நீலமையில் எழுதியிருந்தது.

பக்கத்துப் பதினைந்தாம் கட்டிலில் தோப்பூரைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். ஆறு ஏக்கர் வயல் செய்பவர், ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். எல்லாரும் ஹாஜியார் என்றார்கள். அவருக்கும் சீனி, அவருக்கும் கால். வியாழக்கிழமை எட்டரைக்கு எனக்கு ஒதுக்கிய நேரத்தில் அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோய் இடது பெருவிரலை எடுத்தார்கள். மத்தியானம் அவருடைய மகன் ஒரு தாளில் கையெழுத்து வைத்து, வெள்ளைச் சீலையில் சுற்றிய ஒரு சின்னப் பொதியை வாங்கிக்கொண்டு போனார்.

"என்ன அது?" என்று கேட்டேன்.

"விரல்தான் ஐயா. ஊருக்குக் கொண்டுபோய் அடக்கணும். நான் போறதுக்கு முந்தி ஒரு துண்டு போய் இடம் புடிக்கிது," என்று சிரித்தார். பிறகு, "உங்கட ஆக்கள் என்ன செய்யிற?" என்றார்.

"நாங்கள் முழு ஆளா எரிக்கிறது. துண்டுக்கு என்ன முறையெண்டு எனக்குத் தெரியாது."

"கேட்டா சொல்லுவாங்கதானே." அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "இதையும் கேட்டீங்களா?"

"கேட்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் எண்டுதான் இருந்தன். போன நோன்புல ஊசி போட்டா நோன்பு முறியும் எண்டு நானே முடிவெடுத்து, இன்சுலினை விட்டுட்டன். பதினோராம் நோன்புல வயலுக்குள்ள மயங்கி விழுந்த. பொறகு மௌலவி வந்து ஏசின ஏச்சு! 'உனக்கு நோன்பே கடமையில்ல, நீ ஆருக்கிட்டக் கேட்டு ஊசிய நிப்பாட்டின?' எண்டு கேட்டார். நான் ஆருக்கிட்டயும் கேக்கல்ல. அதுதான் விசயம்."

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

அந்த இரண்டு நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நுண்ணுயிர்க்கொல்லி ஊசி. கட்டு மாற்றுவது இரண்டு நேரம். கால் இரத்தக் குழாய்களின் ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கான் அவசரமாகத் தேவைப்பட்டதால், வெள்ளிக்கிழமை வெளியே தனியார் இடத்தில் செய்வித்தார்கள். அது முழங்காலுக்குக் கீழே இரத்தம் போகும் சத்தத்தைக் கேட்கும் கருவி. நானும் கேட்டேன். இடது காலில் மோட்டார்ப் படகுபோல் தடதடவென்று கேட்டது. வலது காலில் கரையில் அலை மெல்ல இழுப்பதுபோல் மட்டும். மருமகன், சுகந்தியின் கணவர், வேலைக்கு லீவு போட்டுவிட்டு எனக்குச் சவரம் செய்துவிட்டார். அவர் அதிகம் பேசாதவர். மூன்று இடத்தில் வெட்டினார். ஒவ்வொரு தடவையும் "சொறி மாமா" என்று மன்னிப்புக் கேட்டார். கன்னத்தில் எரிவு தெரிந்தது. எனக்கு அது ஓர் ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை காலை காய்ச்சல் நூற்று மூன்று. கட்டை அவிழ்த்த தாதி முகத்தைத் திருப்பினார். கறுப்பு மூன்றாம் விரலைத் தாண்டி, நான்காவதின் அடியைத் தொட்டிருந்தது. இளம் வைத்தியர் வந்து பார்த்தார். இந்த முறை அவர் கட்டிலில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"ஐயா, ரெண்டு விரல் கதை முடிஞ்சுது. இண்டைக்கு எண்டா பாதத்தின்ட முன்பக்கம். செவ்வாய்க்கிழமை எண்டா முழங்காலுக்குக் கீழ. அதுவும் நீங்க செவ்வாய்க்கிழமைக்கு இருந்தா."

அவர் போனதும் சுகந்தி என் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தாள். "என்னோட கதைக்காமலே விடுங்கோ, அது பரவாயில்லை," என்றாள். பூசாரியாருக்கு அடித்து, தீ சுட்டது, மறைத்தது, காப்பு, விரல்கள் என்று எல்லாவற்றையும் வாட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு எனக்குள் ஒன்றும் இருக்கவில்லை.

பார்வையாளர் நேரம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பூசாரியார் வந்தார். அறுபத்திரண்டு வயது, கட்டையான மனிதர். மோட்டார்சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கட்டில்களை எண்ணிக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு சோடாப் போத்தலில் மஞ்சள் தண்ணீர், ஒரு கொத்து வேப்பிலை.

தாதி ஓடிவந்தார். "ஐயா, தண்ணி தெளிக்கவேண்டாம். கட்டு நனைஞ்சிடும்."

"தலையில மட்டும் மூண்டு சொட்டு மகள். காலுக்குக் கிட்டவும் போகமாட்டன்." என்னிடம் திரும்பினார். "என்ன கிளாக்கர், சுட்டதெண்டு ஒரு கதை சொல்லேல்லையே."

"என்னெண்டு சொல்லுறது?"

"வாயாலதான்."

பக்கத்துக் கட்டிலில் ஹாஜியார் சிரிப்பை இருமலாக்கினார்.

"குளிர்த்திக்கு முந்தி அவிழ்க்கலாமோ?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில கிடக்கிற வருத்தக்காரருக்கு அவிழ்க்கிறதுதான். அவிழ்த்துக் கொண்டுபோய் அம்மாளின்ட காலடியில வைச்சிட்டு, குளிர்த்தி அண்டைக்கு மற்ற நூலுகளோட சேர்த்துக் கடலில விடுறது. என்ர அப்பு காலத்தில இருந்து அப்பிடித்தான். பிள்ளைப்பெறுவுக்குப் போன பொம்பிளையளுக்கு எத்தினை தரம் இந்த ஆஸ்பத்திரியிலயே அவிழ்த்திருக்கிறன். புதன்கிழமை சொல்லியிருந்தா புதன்கிழமையே வந்திருப்பன்."

மூன்று முடிச்சு. நகத்தால் கிளறி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வாயில் ஏதோ முணுமுணுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நூலை வேப்பிலையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றி, வலது பாதத்தைத் தூக்கி என் கட்டில் விளிம்பில் வைத்தார். அடியில் ரூபாய்க்குற்றி அளவு ஆறிய தழும்பு.

"எனக்கும் சீனிதான். இது ஆறப் பத்து மாசம் எடுத்தது. அதுக்குப் பிறகு நாலு வரியமா நான் குழியில இறங்கிறேல்லை. கரகத்தைத் தலையில வைச்சுக்கொண்டு குழிக்குப் பக்கத்தாலதான் போறன். நீங்கள் காணேல்லையே?"

நான் காணவில்லை. ஒவ்வொரு வருடமும் இறங்கியவர்களை எண்ணியிருக்கிறேன். இறங்காதவரை எண்ணவில்லை.

"அப்ப சுட்டது பிழை இல்லையோ?"

"நெருப்பு எண்டாச் சுடும்தானே, கிளாக்கர்." செருப்பை மாட்டிக்கொண்டார். "சல்லிப் பொடியனுக்கு அண்டைக்கு நீங்கள் சொன்ன கதைதான் பிழை. அதை நான் அப்பவே உங்களிட்டச் சொல்லியிருக்கவேணும். நானும் சொல்லேல்லை."

4.40க்குக் கையெழுத்து வைத்தேன். 6.30க்குத் தியேட்டர். முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கவைத்தார்கள். மயக்க மருந்து வைத்தியர் வலது பாதத்தில் குளிர்ந்த பஞ்சை வைத்து, தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை, ஆனால் அது நீங்கள் தந்த விறைப்பா என்னுடையதா என்று எனக்குத் தெரியாது என்றேன். அவர் சிரித்துவிட்டு, தொடையில் வைத்துப் பார்த்தார். பச்சைச் சீலைக்கு அப்பால் நடந்ததை நான் சத்தமாக மட்டும் கேட்டேன். ஐம்பத்திரண்டு நிமிடம். ஐந்து விரல்களும், அவற்றோடு பாதத்தின் முன்பகுதியும் போயின.

மூன்றாம் நாள் இளம் வைத்தியரிடம் கேட்டேன்: "டொக்டர், வியாழக்கிழமை எட்டரைக்கு எண்டால்?"

"உறுதியாச் சொல்ல ஏலாது, ஐயா."

"சும்மா சொல்லுங்கோ."

"ரெண்டோட நிண்டிருக்கும் எண்டுதான் நினைக்கிறன்."

வியாழன் காலை எட்டரையிலிருந்து சனி மாலை ஆறரைவரை ஐம்பத்தெட்டு மணித்தியாலம். எல்லாவற்றையும் பெருக்கிக் கழித்துப் பார்த்தேன். அம்மாள் கேட்ட விரல் ஒன்றும் இல்லை. நெருப்பும் சீனியும் எடுத்தவை இரண்டு. மற்ற மூன்றும் நான் வாய் திறக்காததற்குப் போனவை. இதை எழுதும்போதும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வரவேண்டிய ஏதோ ஒன்று வராமலே நிற்கிறது.

ஹாஜியார் எனக்கு முன்னமே வீட்டுக்குப் போனார். போகும்போது ஒரு கடதாசிச் சரை பேரீச்சம்பழத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். தாதி ஏசினார். "ரெண்டு பேருக்கும் சீனி, இதென்ன வேலை?" ஹாஜியார், "தின்னுறதுக்கில்ல புள்ள, மணத்துக்கு," என்றார்.

ஓகஸ்ட் 9ஆம் திகதி, கட்டு மாற்றி முடித்துப் பூமணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, அவளிடம் சொன்னேன். நூலால் பத்து இடம் தொட்டதையும், ஆறு வருட விறைப்பையும், சல்லி மனிதரையும் சொன்னேன். "செத்தவீட்டுத் தேத்தண்ணியால இல்லை, பூமணி. புதன்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டிட்டன்."

அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"பத்து நாள் நான் அழுதனான்," என்றாள்.

"ஓம்."

"எண்ணினனீங்களே?"

"ஓம்."

கரண்டியை வாய்க்குக் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "நரம்பு செத்தா நோவு தெரியாது, சரி. தோல் வேகாமல் விடுமோ? மற்ற மூண்டு தரமும் கால் வேகேல்லையே. அதை ஆர் பார்த்தது?"

வைத்தியரிடம் கேட்டிருந்தால், மூன்று தடவையும் ஏழு காலடியில் விரைவாக ஏறிவிட்டீர்கள், இந்த முறை பதினொன்று என்று சொல்லியிருப்பார். அது எனக்கும் தெரியும். ஆனால் அவள் நீட்டிய அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தேன்.

ஓகஸ்ட் 16ஆம் திகதி, பத்தொன்பதாம் நாள், வீட்டுக்குப் போகும் துண்டு வெட்டி அனுப்பினார்கள். இப்போது ஊன்றுகோலுடன் வீட்டு வாசலிலிருந்து வீதிவரை நாற்பத்தாறு அடி நடக்கிறேன். மாத்திரையைச் சாப்பாட்டோடு கணக்குப் பார்ப்பதில்லை, சொன்னபடி போடுகிறேன். ஒவ்வொரு இரவும் பூமணி கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்து இடது காலின் அடியைப் பார்க்கிறாள். நீரிழிவுள்ள எல்லாரும் இதைச் செய்யவேண்டும். பாதத்தைத் தினமும் பாருங்கள், தெரியாது என்பதால்தான் பார்க்கவேண்டும். நேர்த்தியோ விரதமோ இருந்தால் வைத்தியரிடமும் சொல்லுங்கள், கோயில்காரரிடமும் சொல்லுங்கள். இரண்டு பேரும் நான் நினைத்தவர்களாக இருக்கவில்லை.

அரச மருத்துவமனை என்பதால் சத்திரசிகிச்சைக்கும் கட்டிலுக்கும் ஒரு சதமும் இல்லை. வெளியே செலவானது இது. டொப்ளர் ஸ்கான் 9,500. வெளியில் வாங்கிய மருந்து 14,380. ஓட்டோ பத்தொன்பது நாளுக்கு 22,800. வீட்டில் கட்டு மாற்ற வந்தவருக்கு நாற்பத்தொரு தடவைக்கு 26,650. முன்பகுதியில் பஞ்சு அடைத்த சப்பாத்து 28,000. சுடுதண்ணீர்ப் போத்தல், பழம், மற்றச் சில்லறை 7,310. இதை ஒரு தாளில் எழுதி முடித்தபோது பூமணி அலுமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே உள்ளங்கையளவு வெள்ளிக் கால். கோயிலுக்குக் காணிக்கை வைக்கச் செய்வித்திருக்கிறாள். நான் எடுத்து விரல்களை எண்ணினேன். ஐந்தும் இருந்தன.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

"பதினோராயிரத்து ஐந்நூறு. உங்கட கணக்கில போடவேண்டாம், இது என்ர காசு."

நான் போட்டேன். மொத்தம் ஒரு இலட்சத்து இருபதாயிரத்து நூற்று நாற்பது ரூபா.